ஒரு ‘பிக் அப்’புக்கு ஒன்றரை மணி நேரம்: மாமல்லபுரத்து செவ்வாய்க்கிழமை இங்கிலீஷ் கிளாஸ்

‘பிக்கப்’ என்ற சொல் இல்லாமல் என் தொழில் ஓடாது. காலையில் ஏர்போர்ட் பிக்கப், மாலையில் ஹோட்டல் பிக்கப். பழைய வண்டியைப் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது “பிக்கப் எப்படிண்ணே?” என்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் காசிமேட்டுக்கு மீன் ஏற்றிப் போவது பொலேரோ பிக்கப்பில். “படம் ரெண்டாவது வாரம் பிக்கப் ஆயிடுச்சு சித்தப்பா” என்கிறான் அண்ணன் மகன். 19 வருடமாக மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். இந்த ஒரு சொல்லாவது எனக்கு முழுசாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

தெரியாது என்பது போன வருடம் டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வரும் வழியில் தெரிந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த வயதான தம்பதி. மதுரை, தஞ்சாவூர், புதுச்சேரி பார்த்துவிட்டு மாமல்லபுரத்தில் நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். புதுச்சேரியில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது அந்த ஐயா என் பக்கம் சாய்ந்து, “மை வைஃப் பிக்ட் அப் சம்திங் இன் மதுரை” என்றார். அப்போது என் போனில் ஒரு ஆப் இருந்தது. 500 இங்கிலீஷ் சொற்றொடர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ் அர்த்தம். பிக் அப் என்றால் ‘எடு, வாங்கு’ என்று அதில் படித்திருந்தேன். அம்மா மதுரையில் ஏதோ வாங்கியிருக்கிறார், சுங்குடிச் சேலையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். “வெரி குட் சார், மதுரை வெரி குட் ஃபார் ஷாப்பிங்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பேசவே இல்லை.

மரக்காணம் உப்பளம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைப் பிடித்திருந்தார். கடப்பாக்கத்துக்கு முன்னால் “ஸ்டாப், ப்ளீஸ் ஸ்டாப்” என்றார். இறங்கி ரோட்டோரத்திலேயே வாந்தி எடுத்தார். மதுரையிலிருந்தே வயிறு சரியில்லை, அங்கே ஏதோ தொற்றிக்கொண்டது என்பதைத்தான் அவர் கணவர் கிளம்பும்போதே என்னிடம் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில் எத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன! அந்த ஒரு வாக்கியம் புரிந்திருந்தால் பத்து நிமிடத்தில் டாக்டரிடம் சேர்த்திருப்பேன். நான் ஷாப்பிங் நல்லது என்று சொல்லிவிட்டு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மாமல்லபுரம் வந்து ஒரு கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு நாளில் அவர் நடமாடத் தொடங்கினார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வாரமே கிளாஸில் சேர்ந்தேன். இனி சொல்லப்போவது அந்த கிளாஸைப் பற்றி. சேரலாமா என்று டாக்ஸி ஸ்டாண்டில் பலர் கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிறது. நடத்துவது ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறோம். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை. கைடுகளுக்கும் டிரைவர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கிற நேரம் அதுதான் என்று விசாரித்து வைத்த நேரம். எட்டு வாரம், 1,600 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. என்னுடன் படித்தவர்களில் ஒரு கல் தச்சர் இருந்தார், கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் பார்க்கும் பெண் இருந்தாள், கடலில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கும் மீனவக் குடும்பத்துப் பையன் இருந்தான், ஹோட்டல் சமையலறை ஆட்கள் இரண்டு பேர். எல்லோருக்குமே இங்கிலீஷ் வேண்டியது வாடிக்கையாளரோடு பேச, பரீட்சைக்கு அல்ல.

எட்டு வாரத்தில் எட்டே எட்டு வினைகள். ஒரு வகுப்புக்கு ஒன்று. பிக் அப், டிராப் ஆஃப், புட் ஆஃப், டேக் ஆஃப், டர்ன் அப், ரன் அவுட், மேக் அப், கெட் ஆன். காசு கொடுத்து எட்டு வார்த்தையா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் முதல் வகுப்பிலேயே கிடைத்தது, அது பிக் அப் வகுப்பு.

டீச்சர் முதலில் இங்கிலீஷ் பேசவே இல்லை. “‘அவன் என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்’னு சொல்றோம். எதைப் போட்டான்? எதைக் கொடுத்தான்?” என்று கேட்டார். யாருக்கும் பதில் இல்லை. “‘வாங்கிக் கட்டிக்கிட்டேன்’னா எந்தக் கடையில வாங்கி எங்கே கட்டினீங்க?” என்றார். தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் அகராதியில் ‘போடு’ பார்த்து, ‘கொடு’ பார்த்து, இரண்டையும் சேர்த்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? இங்கிலீஷ்காரர்களின் பிக் அப், புட் ஆஃப் எல்லாம் அந்த மாதிரிதான். இரண்டு சின்னச் சொல் சேர்ந்து மூன்றாவது ஒரு பொருளைத் தரும்.

இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். இந்தப் பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித், 1925-ல். பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஆனால் இது வெளியூர்க்காரர்களைப் படுத்தும் பாடு அதற்கும் முந்தியது. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோது, அந்நியர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் இந்த வகைச் சொற்களிடமிருந்துதான் வருகிறது என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டாராம். டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. 270 வருடம் முன்னாலேயே ஒருவர் நம் கஷ்டத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் போர்டில் ‘பிக்’ என்று மட்டும் எழுதினார். கோழி தரையில் கொத்துகிறதே, அந்த மாதிரிக் கொத்திப் பறிப்பது பிக். பூப் பறிப்பதும் பிக். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் பிக். “தமிழ்ல பொறுக்குறதுன்னு சொல்றோமே, அதுக்கும் இந்த ரெண்டு அர்த்தமும் உண்டு” என்றார். தரையில் சிந்திய நெல்லைப் பொறுக்குகிறோம், நல்ல விதையாகப் பொறுக்கி எடுக்கிறோம். இந்த இடத்தில் கல் தச்சர், கல்லைத் தட்டிச் சத்தம் பார்த்துப் பொறுக்கும் விதத்தைச் சொல்ல ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினார். டீச்சர் தடுக்கவில்லை.

‘அப்’ சேர்ந்தால் பொறுக்கியது மேலே வருகிறது. தரையிலிருந்து கைக்கு. மற்ற அர்த்தங்கள் எல்லாம் இந்தப் படத்திலிருந்து கிளை பிரிகிறவைதான். அதனால் அந்த ‘அப்’பை விழுங்கக் கூடாது. இங்கேதான் நான் 19 வருடமாகச் செய்த தப்பு வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் செய்தி எப்போதும் ஒன்றுதான்: ஐ வில் பிக் யூ சிக்ஸ் ஏ.எம். டீச்சர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “தம்பி, இதுல அப் எங்கே?” என்றார். அப் இல்லாத பிக் என்றால் தேர்ந்தெடுப்பது. டீமுக்கு ஆள் எடுக்கிறார்களே, அந்த மாதிரி. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம், ‘பிக் த கால்’ என்றும் சொல்கிறோம். கேட்கிறவர் புரிந்துகொள்வார், அது பெரிய குற்றமில்லை என்றும் டீச்சர் சொன்னார். ஆனாலும் சரியானது ‘பிக் யூ அப் அட் சிக்ஸ்’ என்று சொல்லி, என் போனிலேயே திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தார்.

‘யூ’ ஏன் நடுவில் வருகிறது என்று கெஸ்ட் ஹவுஸ் பெண் கேட்டாள். இந்த விளக்கம் எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. காரில் பின் சீட்டில் சின்னப் பிள்ளையை நடுவில்தான் உட்கார வைப்போம். பெரியவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அதனால் ‘பிக் இட் அப்’ என்றுதான் வரும், ‘பிக் அப் இட்’ வராது. பையும் பெட்டியும் பெரியவர்கள். ‘பிக் அப் த பேக்’ என்றாலும் சரி, ‘பிக் த பேக் அப்’ என்றாலும் சரி. இதை இதுவரை நான் மறக்கவில்லை. இனி மறக்கவும் மாட்டேன்.

அடுத்து உச்சரிப்பு. ‘பிக் அப்’ என்று வேலையைச் சொல்லும்போது அழுத்தம் ‘அப்’ மேல் விழ வேண்டும், எழுத்திலும் இரண்டு சொல். ‘பிக்கப்’ என்று வண்டியையோ பயணத்தையோ சொன்னால் அழுத்தம் முன்னால், எழுத்திலும் ஒரே சொல். நாம் தமிழில் கடன் வாங்கியது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். அதனால்தான் எங்கேயும் ‘பிக்கப் பண்றேன்’, ‘பிக்கப் ஆச்சு’ என்று ஒரு துணை வினையை ஒட்டிக்கொள்கிறோம்.

வகுப்பின் உயிரான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. டீச்சர் பிக் அப் வருகிற பதினைந்து வாக்கியங்களை இடது பக்கம் எழுதிவிட்டு, வலது பக்கத்தைக் காலியாக விட்டார். தமிழை நாங்கள் சொல்ல வேண்டும். போனைப் பிக் அப் பண்ணு என்றால் எடு. கீழே விழுந்த சாவியை எடு. துணிக்கடையில் தைக்கக் கொடுத்ததைப் போய் எடு. இது எல்லோருக்கும் வந்தது. பயணியை என்றால் ஏற்றிக்கொள், இதை நான் சொன்னேன். ‘வரும் வழியில் தண்ணீர் பாட்டில் பிக் அப் பண்ணலாமா’ என்றால் நிறுத்தி வாங்கிக்கொள்வது. அதற்கென்று தனியாகக் கிளம்பிப் போவதில்லை, போகிற போக்கில் வாங்குவது. அந்த ‘போகிற போக்கில்’ முக்கியம்.

பிறகு வாக்கியங்கள் கடினமாயின. ரேடியோ ஒரு ஸ்டேஷனைப் பிக் அப் பண்ணுகிறது. “எங்க அப்பா டிரான்சிஸ்டர்ல சிலோன் ரேடியோ பிடிப்பார்” என்றார் கல் தச்சர். டீச்சர் போர்டில் ‘பிடி’ என்று எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். அடுத்தது, ரயில் ஸ்பீடு பிக் அப் பண்ணியது. வேகம் பிடித்தது! சளியைப் பிக் அப் பண்ணினேன் என்றால் சளி பிடித்தது. போலீஸ் ஒருவரைப் பிக் அப் பண்ணியது என்றால் பிடித்துக்கொண்டு போனது. பேப்பரில் விசாரணைக்காக என்று வருமே, அது. சீசன் வந்ததும் வியாபாரம் பிக் அப் ஆனது என்றால் சூடு பிடித்தது. போன வாரம் விட்ட இடத்திலிருந்து பிக் அப் பண்ணுவோம் என்றால் விட்ட இடத்தில் பிடித்துத் தொடருவோம். சமையலறைப் பையன் ஒருவன், பிரெஞ்சு விருந்தாளிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பிரெஞ்சு பேசுவான். அவன் பிரெஞ்சைப் பிக் அப் பண்ணியிருக்கிறான், அதாவது யாரும் பாடம் நடத்தாமல் காதால் பிடித்துக்கொண்டது.

அந்த அறையில் அப்போது இருந்த கலகலப்பை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. ஆளாளுக்குக் கத்திச் சொன்னோம். எங்கிருந்தோ வந்த மொழியில் ஒரே வினைக்குள் பதுங்கியிருக்கும் அர்த்தங்களில் பாதி, நம் ‘பிடி’க்குள்ளும் இருக்கின்றன. மனுஷன் கை எங்கேயும் ஒரே கைதான் போல. என் பழைய ஆப்பில் ‘எடு, வாங்கு’ என்பதோடு ‘பிடி’ என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால், அந்த அம்மாவுக்கு மதுரையில் ஏதோ பிடித்துக்கொண்டது என்பது எனக்குப் புரிந்திருக்கும். இதை நான் வகுப்பில் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த வாக்கியத்தை, ‘ஷி பிக்ட் அப் சம்திங் இன் மதுரை’ என்று போர்டில் எழுதி, “இது வாங்கினதாவும் இருக்கலாம், நோயாவும் இருக்கலாம். வாக்கியம் சொல்லாது. சொல்றவர் முகம் சொல்லும்” என்றார்.

எடு, பிடி, ஏற்று மூன்றிலும் அடங்காதவையும் உண்டு. ‘கம்பெனி பில்லைப் பிக் அப் பண்ணும்’ என்றால் பணம் அவர்கள் கட்டுவார்கள். அமெரிக்கர்கள் பில் என்பதற்குப் பதில் ‘டேப்’ என்பார்கள், குழாய் மாதிரிக் கேட்கும், வேறு சொல். அதே அமெரிக்கர்கள் பிள்ளையிடம் ‘பிக் அப் யுவர் ரூம்’ என்றால் அறையை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார்கள். ‘பிக் அப் ஆன்’ என்று மூன்றாவது ஒன்று ஒட்டினால், சொல்லாததைக் கவனித்துப் புரிந்துகொள்வது. விழுந்தவர் தானே எழுந்துகொள்வது ‘பிக் யுவர்செல்ஃப் அப்’, சர்ஃபிங் பையனுக்கு தினமும் தேவைப்படுவது. காற்று வலுப்பதற்கும் பிக் அப்தான் என்று அவன் சொன்னான், வெளிநாட்டுப் பையன்கள் கடலைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார்களாம். சோர்வைப் போக்கும் காபி, டானிக் மாதிரி எதற்கும் ‘பிக்-மீ-அப்’ என்று பெயர். கெஸ்ட் ஹவுஸ் மெனுவில் இருக்கும் டிராமிசு என்ற இத்தாலி இனிப்பின் பெயருக்கும் ‘என்னைத் தூக்கி விடு’ என்றுதான் பொருள் என்று டீச்சர் சொன்னபோது, தினமும் அதைப் பரிமாறும் அந்தப் பெண் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

இனி குறைகள். இருக்கின்றன, சொல்ல வேண்டும்.

பெரிய குறை, காதுக்கு வேலை போதவில்லை. டீச்சர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறது. என் காரில் ஏறுகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அமெரிக்கர் ‘பிக் இட் அப்’ என்பதை ‘பிக்கிடப்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். வகுப்பில் படித்த சொல்தான் அது என்று எனக்குப் பிடிபடவே இரண்டு வாரம் ஆனது. ஒரு போனும் சின்ன ஸ்பீக்கரும் இருந்தால் பல நாட்டவர் பேச்சைப் போட்டுக் காட்டலாம். இதை டீச்சரிடம் நேரிலேயே சொன்னேன், அடுத்த பேட்சுக்குச் செய்வதாகச் சொன்னார்.

இரண்டாவது குறையை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, பழகித் தன்னோடு கூட்டிப் போகப் பார்ப்பதற்கும் பிக் அப் என்று சொல்வார்கள். தமிழிலும் இளவட்டங்கள் அந்தப் பொருளில் சொல்வதுண்டு. டீச்சர் அதை மட்டும் தாண்டிப் போய்விட்டார். பெண் பிள்ளை இருக்கிறாள் என்று கூச்சப்பட்டிருப்பார். என் கருத்து வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு ரிசப்ஷனில் தனியாக நிற்கப்போவது அந்தப் பெண்தான். யார் எந்தப் பொருளில் பேசுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டியதும் அவளுக்குத்தான். நல்ல வார்த்தையில், நேராகச் சொல்லியிருக்கலாம்.

மற்றவை சின்னவை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். மார்ச்சுக்கு மேல் மாடி தகிக்கும், ஒரே ஃபேன். கொடுக்கும் நோட்ஸில் எழுத்து பொடியாக இருக்கிறது, நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடி எடுத்துப் போகவும். கடைசி வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு பரீட்சை வைத்தார், அந்த நேரத்தில் பேச வைத்திருக்கலாம்.

ஆனால் வீட்டுப்பாடம் அருமை. அந்த வாரத்து வினையை நிஜமாக யாராவது சொல்லக் கேட்டு, மூன்று வாக்கியம் கொண்டுவர வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்தால் ஏற்க மாட்டார். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நானும் சவாரி போனேன். அத்தனை பேர் பேசியது என் காதில் விழுந்தது, ஒன்றும் தங்கவில்லை. இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். சிக்னலிலோ வாசலில் காத்திருக்கும்போதோ எழுதிவிடுவேன். பிக் அப்புக்கு மட்டும் இதுவரை 31 வாக்கியம். மற்ற ஏழு வினைகளையும் இதே முறையில்தான் படித்தோம், அவற்றைப் பற்றித் தனித்தனியாக எழுதத் தேவையில்லை. டர்ன் அப் வகுப்பு மட்டும் கொஞ்சம் சுமார், டீச்சருக்கு அன்று உடம்பு முடியவில்லை.

காசுக்குத் தகுந்த பயன் உண்டா? பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். நள்ளிரவு விமானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆஸ்திரேலிய அம்மா, தனியாக வந்திருந்தார். வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் ரோட்டில் போகும்போது, “ஐ திங்க் ஐ’வ் பிக்ட் அப் சம்திங் ஆன் த பிளேன்” என்றார். என் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. அதே வாக்கியம், ஊர் மட்டும் வேறு. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். சால்வையைக் கழுத்துவரை இழுத்திருந்தார். ஏசியைக் குறைத்தேன். “கோல்ட், மேடம்? ஃபீவர்?” என்று கேட்டேன். தொண்டை வலிக்கிறது, குளிருகிறது என்றார். “ஷால் வி பிக் அப் சம் மெடிசின்?” என்றேன். ராத்திரியில் திறந்திருந்த ஒரு மெடிக்கலில் நிறுத்தி, அவர் கேட்ட பாராசிட்டமால் வாங்கினோம், பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். கெஸ்ட் ஹவுஸில் இறக்கிவிடும்போது, ரிசப்ஷனில் இருந்தது எங்கள் வகுப்புப் பெண். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லும் முன்பே அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். காலையில் டாக்டரையும் வரச் சொல்லியிருந்தாள்.

யார் சேரலாம்? ஓரளவு இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறவர்கள், ஆனால் எதிரே இருப்பவர் வேகமாகப் பேசினால் பாதியில் விட்டுப்போகிறவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு இது சரிவராது, வேகம் தாங்காது. வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களும் வேறு இடம் பார்க்கலாம், இங்கே இலக்கணம் முறையாக வரிசையாக வராது. டிரைவர், கைடு, கடைக்காரர், ஹோட்டல் வேலையில் இருப்பவர் என்றால் யோசிக்காமல் போங்கள். ஸ்டாண்டில் இருக்கும் நம் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் செவ்வாய்க்குப் பதில் வேறு நாள்கூடத் தருவார் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே படித்தவர்கள் சந்தேகம் கேட்க எந்தச் செவ்வாயும் போகலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

எனக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன சனிக்கிழமை ஒரு டூர் குரூப், இரண்டு வண்டி. மற்ற டிரைவருக்கு அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் சவாரிகளையும் சேர்த்து நானே மூன்று நடை அடித்தேன். குரூப் தலைவர் தோளில் தட்டி, “தேங்க்ஸ் ஃபார் பிக்கிங் அப் த ஸ்லாக்” என்றார். ஸ்லாக் என்றால் தளர்ந்து கிடக்கும் கயிறு என்று சர்ஃபிங் பையன் சொல்கிறான். தொய்ந்த கயிற்றை இழுத்துப் பிடிப்பது, அதாவது ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் சேர்த்துச் செய்வது என்று நானே ஊகித்து வைத்திருக்கிறேன். நோட்டில் 32-ஆவதாக எழுதி, பக்கத்தில் ‘பிடி’ என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். சரிதானா என்று செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் கேட்க வேண்டும்.